லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப் போனால்: டீச்சரிடம் கேளுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துப் போகிறது. பள்ளியில் எஸ்.ஐ.டி.சி. பொறுப்பு, அதாவது கணினி லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் வேலை, என்னுடையது. தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்: எந்தக் கட்டத்தில் கறுத்தது? கம்பெனி லோகோவுக்கு முன்பா, மெனு வந்த பிறகா, இன்ஸ்டால் முடிந்து மறுபடி ஆன் செய்யும்போதா? அது தெரியாமல் வழி சொல்ல முடியாது.

வேலந்தாவளம், கல்லூரி மாணவர்: டீச்சர், பென்டிரைவில் உபுண்டு 24.04 ஏற்றி பூட் செய்தேனுங்க. மெனு வந்தது. முதல் வரியில் என்டர் தட்டியதும் திரை கறுத்துவிட்டது. லேப்டாப்பில் என்விடியா கார்டு இருக்கிறது. பென்டிரைவ் கெட்டுப் போயிருக்குமா?

மெனு வரை வந்துவிட்டதால் முதல் சந்தேகம் பென்டிரைவ் மேல் இல்லை, தம்பி. மெனு வரைக்கும் திரையில் படம் காட்டுவது லேப்டாப்பின் சொந்த பயாஸ். நீங்கள் என்டர் தட்டியதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வந்து கிராபிக்ஸ் சிப்பைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, திரையின் அளவையும் வேகத்தையும் தானே அமைக்கிறது. கர்னல் மோட் செட்டிங் என்பது இதுதான்; 2009-இலிருந்து இருக்கிறது. உள்ளே இருக்கும் டிரைவருக்கு, அதாவது சிப்பை ஓட்டும் நிரலுக்கு, உங்கள் சிப் ஒத்துவராவிட்டால், கைமாறும் அந்த நொடியில் படம் போய்விடும். கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

இருக்கிறதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கர்னல் ஓடுகிறது. அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ ஐகானோ தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. அது வேறு கதை, கீழே வருகிறது. கடைசியாக கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கிராபிக்ஸ் மட்டும்தான் பிரச்சினை.

இப்போது செய்ய வேண்டியது. மறுபடி பூட் செய்து மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி இல்லாத டிஸ்ட்ரோ, அதாவது வேறு லினக்ஸ் வகை, என்றால் முதல் வரியில் நின்று ஆங்கில 'இ' (e) விசையைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியைப் பிடித்து அதன் கடைசிக்குப் போங்கள். 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் அடியுங்கள். பிறகு எஃப்10. அந்த இரண்டு சொற்களை அழிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இனி பூட் ஆகும்போது கர்னல் சொல்வதெல்லாம் திரையில் ஓடும். எங்கே நின்றது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீனாட்சிபுரம்: நோமோட்செட் போட்டு இன்ஸ்டால் முடிந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி கறுப்பு. எல்லாம் வீணா?

வீண் இல்லை. நீங்கள் அடித்தது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும். பதற்றத்தில் பல தடவை தட்டினால் வெறும் 'கிரப்' என்ற எழுத்தோடு நின்றுவிடும். அப்படி நின்றால் 'நார்மல்' என்று அடித்து என்டர் கொடுத்து, உடனே ஒருமுறை எஸ்கேப் தட்டுங்கள். மெனுவில் மறுபடி 'இ', மறுபடி நோமோட்செட். உள்ளே போனதும் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' (sudo ubuntu-drivers install) கொடுங்கள். உங்கள் கார்டுக்கு ஏற்ற டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள், கவனியுங்கள். செக்யூர் பூட், அதாவது கையெழுத்து உள்ள நிரலை மட்டும் பூட்டில் விடும் பயாஸ் காவல், ஆன் ஆக இருந்தால், டிரைவர் ஏறும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையைத் தட்டு என்று பத்து நொடி காத்திருக்கும். ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் அது போய்விடும். டிரைவர் ஏறியிருக்கும், ஆனால் கையெழுத்தை நம்பாத கர்னல் அதை உள்ளே விடாது. மறுபடி கறுப்பு அல்லது பெரிய பெரிய எழுத்து. ஆகவே நீலத் திரை வந்ததும் ஒரு விசையைத் தட்டுங்கள். 'என்ரோல் எம்.ஓ.கே', 'கன்டினியூ', 'யெஸ்', நீங்கள் வைத்த பாஸ்வேர்டு, ரீபூட். இந்த வரிசையை முதலிலேயே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலமடை, மாங்காய் வியாபாரம்: கணக்கு வழக்கெல்லாம் விண்டோஸ் 11-இல் இருக்கிறதுங்க டீச்சர். பக்கத்தில் லினக்ஸும் வேண்டும். திரை கறுக்கிறது என்றதும், செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்கிறார்கள். அணைக்கலாமா?

தொடாதீர்கள். முதலில் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் திறவுகோலை எடுத்துக் கையில் வையுங்கள். நீங்கள் போட்டதே இல்லை என்று நினைத்தாலும், புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே வட்டு தானாகப் பூட்டப்பட்டிருக்கக்கூடும். பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லையென்றால் கணக்கு வழக்கெல்லாம் உள்ளேயே கிடக்கும், யாராலும் எடுக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் இருக்கும், தாளில் எழுதுங்கள். கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் ஒரு பிரதி எடுங்கள். அப்புறம்தான் மற்றது.

உபுண்டு, ஃபெடோரா போன்றவை செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும்போதே பூட் ஆகும். அணைக்க வேண்டிய அவசியமே பலருக்கு வருவதில்லை. இன்னொன்று, மாங்காய் சீசன் நடுவில் இதைச் செய்யாதீர்கள். சீசன் முடிந்து ஓய்வாக உட்காரும்போது பார்க்கலாம்.

பொள்ளாச்சி: நோமோட்செட்டை கிரப் கோப்பிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாம்தானே?

வேண்டாம். நோமோட்செட் இருக்கும் வரை கிராபிக்ஸ் வேலை முழுவதும் பிராசஸர் தலையில்தான். வீடியோ விட்டு விட்டு ஓடும், வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க முடியாது, ப்ரொஜெக்டர் செருகினால் வராது, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். உள்ளே நுழைவதற்கு மட்டும்தான் அது. சரியான டிரைவர் ஏறியதும் 'இடிசி' அடைவில் 'டிஃபால்ட்' என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பிலிருந்து (/etc/default/grub) அதை எடுத்துவிட்டு, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

வண்ணாமடை, பள்ளி ஆசிரியர்: ஹைடெக் வகுப்பறை லேப்டாப்பில், கேரளப் பள்ளிகளுக்கான கைட் குனு/லினக்ஸ் புதிதாகப் போடும்போது இதே கறுப்பு.

சார், அது அரசு உடைமை. வட்டைப் பிரிப்பது, பயாஸ் மாற்றுவது எதையும் நாமாகச் செய்ய வேண்டாம். முதலில் புகாராகப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட மாஸ்டர் டிரெய்னரிடம் சொல்லுங்கள். கைட் 22.04 உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதனால் 'இ' தட்டி நோமோட்செட் போட்டுப் பார்ப்பது மட்டும் செய்யலாம். அது எதையும் அழிக்காது. அப்போது பள்ளியின் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு குறைவு.

கோபாலபுரம்: இன்ஸ்டாலரில் என் வட்டே தெரியவில்லை.

இது திரை விஷயம் இல்லை. பயாஸில் வட்டைக் கையாளும் அமைப்புகளான இன்டெல் வி.எம்.டி. அல்லது ஆர்.எஸ்.டி. ஆன் ஆக இருக்கும். விண்டோஸ் இருந்தால் அதைச் சட்டென்று மாற்றாதீர்கள், விண்டோஸ் எழாமல் போகும். தனியாகக் கேளுங்கள்.

பாலக்காடு, பொறியியல் மாணவர்: டீச்சர், மீனாட்சிபுரத்துக்காரருக்கு என்விடியாவின் மூடிய, அதாவது மூல நிரலை வெளியிடாத, டிரைவரை ஏற்றச் சொன்னீர்கள். இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான். நம் மாநிலத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? கர்னலோடு வரும் திறந்த நூவோ டிரைவர் போதாதா?

பொள்ளாச்சி, கணினி கடை: தம்பி, என் கடையில் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு ஆள் வாசலில் நிற்கிறார். அவருக்குக் கொள்கை வேண்டாம், திரை வேண்டும். மூடிய டிரைவர் போட்டால் படம் வருகிறது. அவ்வளவுதான்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் கார்டைக் கேட்காமலே பேசுகிறீர்கள். நூவோவை எழுதியவர்கள் கம்பெனியின் உதவி இல்லாமல், சிப் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. ஆனால் 2014-க்குப் பின் வந்த கார்டுகளில் கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) இல்லாமல் வேகத்தைக் கூட்ட முடியாதபடி செய்துவிட்டார்கள். அதனால் பல கார்டுகளில் நூவோ ஊர்ந்துதான் போகும், சிலதில் திரையே வராது. 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் கம்பெனியை வெளிப்படையாகத் திட்டியது இந்த மாதிரி ஒத்துழைப்பின்மைக்காகத்தான்.

பாலக்காடு: அதைத்தானே நானும் சொல்கிறேன்! அவர்களுக்கு ஏன் பணிய வேண்டும்?

கணினி கடை: பணிவதா? 2022-இல் அவர்களே டிரைவரைத் திறந்துவிட்டார்களே.

திறந்தது கர்னலுக்குள் போகும் பகுதியை மட்டும், அண்ணா. மேலே இருக்கும் பகுதியும் ஃபர்ம்வேரும் இன்னும் மூடித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் திறப்பால் நம் கறுப்புத் திரை விஷயத்தில் ஒரு மாற்றம் வந்தது, அதைத்தான் இரண்டு பேரும் கவனிக்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ் 50 வரிசைக்குத் திறந்த கர்னல் பகுதிதான் வேலை செய்யும். மூடியதைப் போட்டால் கறுப்பு. எம்.எக்ஸ்150, ஜி.டி.எக்ஸ் 1050 மாதிரி பழைய கார்டுகளுக்கு நேர்மாறு: திறந்தது ஏறாது, மூடியதுதான். நடுவில் ஜி.டி.எக்ஸ் 16, ஆர்.டி.எக்ஸ் 20 தொடங்கி 40 வரை இரண்டும் ஓடும். டிரைவர் பெயரின் கடைசியில் 'ஓப்பன்' என்று இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஏற்றுங்கள். கடைக்காரர்கள் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே டிரைவரை ஏற்றுவதால்தான் பாதி பேர் திரும்பி வருகிறார்கள்.

கொள்கையைப் பொறுத்தவரை என் நிலை இது. இன்டெல், ஏ.எம்.டி. கிராபிக்ஸ் இரண்டுக்கும் திறந்த டிரைவர் கர்னலோடே வருகிறது. புதிதாக லேப்டாப் வாங்கப் போகிற பிள்ளைகளிடம் அதையே வாங்கச் சொல்வேன். அந்த இடத்தில்தான் தம்பி, உங்கள் குரல் வேண்டும். ஏற்கெனவே என்விடியா வாங்கிவிட்டு, கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முதலில் படம் வரட்டும். படம் வராமல் அவள் லினக்ஸையே விட்டுப் போனால் சுதந்திர மென்பொருளுக்கு என்ன லாபம்?

பாலக்காடு: பழைய கார்டு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். வாங்கும் விஷயத்தில் விடமாட்டேன்.

விடாதீர்கள்.

எருத்தேம்பதி: நோமோட்செட் போட்டால் வருகிறது, எடுத்தால் கறுப்பு. அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா?

பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். என்ன கார்டு என்று சொல்லாமல் இதே கேள்வி மறுபடி வேண்டாம். 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்று டெர்மினலில் அடித்து, அதில் 'விஜிஏ' அல்லது '3டி' என்று வரும் வரிகளை அப்படியே எழுதுங்கள்.

வாளையார்: டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது. மற்றபடி கறுப்பு.

பின்விளக்கு. முதலில் வெளிச்சம் கூட்டும் விசையைத் தட்டுங்கள். வராவிட்டால் நோமோட்செட் போட்ட அதே இடத்தில் அதற்குப் பதிலாக 'ஏசிபிஐ அடிக்கோடு பேக்லைட் சமம் வெண்டார்' (acpi_backlight=vendor) என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 'வெண்டார்' சரிவராவிட்டால் 'நேட்டிவ்'. இதில் வந்தால் இதை கிரப் கோப்பில் நிரந்தரமாக வைக்கலாம். லினக்ஸுக்கு முன், கம்பெனி லோகோவின்போதே மங்கல் என்றால் அது திரையின் பழுது. கடைக்குக் கொண்டு போங்கள்.

சித்தூர்: வெளி மானிட்டர் செருகினால் படம் வருகிறது, லேப்டாப் திரையில் இல்லை. நோமோட்செட் போடட்டுமா?

எல்லாவற்றுக்கும் நோமோட்செட் இல்லை! மானிட்டரில் வருகிறது என்றால் டிரைவர் ஓடுகிறது. அதிலேயே டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், லேப்டாப் திரை பட்டியலில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்டுக்கல்: ஆறு மாதமாக நன்றாக ஓடிய லினக்ஸ். இன்று கறுப்புத் திரையில் இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது. மறுபடி இன்ஸ்டால் செய்யவா?

அவசரப்படாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையுங்கள். 'டிஎஃப் -ஹெச்' (df -h) என்று அடியுங்கள். சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100 சதவீதம் என்று வந்தால் வட்டு நிறைந்துவிட்டது. லாகின் திரை எழுதுவதற்கு இடமில்லாமல் நிற்கிறது. 'சூடோ ஆப்ட் கிளீன்' கொடுத்து, பெரிய வீடியோக்களை வெளி வட்டுக்கு மாற்றுங்கள். இடம் இருக்கிறது என்றால் கிரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலில் பூட் செய்யுங்கள். அதில் வந்தால் புதிய கர்னலுக்கு டிரைவர் சேரவில்லை என்று அர்த்தம். டிரைவரை மறுபடி ஏற்றினால் போதும்.

நீங்கள் எல்லோரும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது எழுத்திலேயே தெரிகிறது. வட்டுக்கு நல்லதில்லை. திரை கறுத்திருந்தாலும் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், யு, பி (S, U, B) என்று மூன்று எழுத்தை இரண்டு இரண்டு நொடி விட்டுத் தட்டுங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர வேண்டும். எஸ் தட்டினால் எழுதாமல் கிடப்பது வட்டுக்குப் போகும், யு தட்டினால் வட்டு எழுத முடியாதபடி பூட்டப்படும், பி தட்டினால் ரீஸ்டார்ட். உபுண்டுவில் இந்த மூன்றும் முதலிலிருந்தே திறந்திருக்கின்றன.