பழைய பிக்கப்பில் டீசல் இன்ஜின்: கேட்டதும் சொன்னதும்

டெக்சாஸில் என்னிடம் இருக்கும் 1972 செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை (வி8) இறக்கிவிட்டு, கம்மின்ஸ் 4பிடி என்ற நாலு சிலிண்டர் டீசலை ஏற்றினேன். அதைப் பற்றி நண்பர்களும், இதே மாற்றத்தைச் செய்த சிலரும் கேட்டவை:

அண்ணா, டாட்ஜ் ராமில் வந்த ஆறு சிலிண்டரையே போட்டிருக்கலாமே?

1989-லிருந்து ராமில் வந்த அந்த 5.9 லிட்டர் இன்ஜின் கிட்டத்தட்ட 500 கிலோ. அதே குடும்பத்தில் இரண்டு சிலிண்டர் குறைவாக உள்ளது 4பிடி: 3.9 லிட்டர், சுமார் 340 கிலோ. வி8 260 கிலோதான். இந்த 80 கிலோ கூடுதலுக்கே முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று.

105 குதிரைசக்தி போதுமா?

வேகத்துக்குப் போதாது. ஆனால் 1600 ஆர்பிஎம்மிலேயே 360 நியூட்டன் மீட்டர் இழுவை இருக்கிறது. டிரெய்லரோடு மேடு ஏற அதுதான் வேண்டும்.

ஹைவேயில் 55 மைலுக்கு மேல் போனால் என் வண்டி கதறுகிறது. டீசல் பம்ப் கோளாறா?

பம்பைத் தொடாதீர்கள். பின் ஆக்சிலைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் 4000 வரை சுற்றும். இது 2500-ஐத் தாண்டினாலே திணறும். 31 அங்குல டயர், 3.73 ஆக்சில் (தண்டு 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர்) இல்லாத கியர்பாக்ஸ் என்றால் 65 மைலில் 2630 ஆர்பிஎம் வரும். ஆக்சிலை 3.08 ஆக்கினால் 2170. ஓவர்டிரைவ் (0.73) இருந்தால் 3.73-ஐ வைத்துக்கொண்டே 1920-இல் போகலாம். இன்ஜின் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். நானும் போடவில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் போட்டேன்!

மாற்றியபின் பிரேக் மிதி கல் மாதிரி இருக்கிறது சார்.

வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் தகடு காற்றை மறிப்பதால் வேக்குவம் உண்டாகிறது. அதில்தான் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. இந்த டீசலில் அந்தத் தகடே கிடையாது. தனி வேக்குவம் பம்ப் வையுங்கள், அல்லது ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட்டுக்கு மாறுங்கள்.

பழைய பெட்ரோல் டேங்க் ஆகுமா?

ஆகும். கழுவித் துரு எடுத்துவிட்டு, மிச்ச டீசல் திரும்பி வர ஒரு ரிட்டர்ன் லைன் கொடுங்கள்.

பழைய ரொட்டி வேனில் இருந்த 4பிடி இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

டைமிங் கியர் கேஸில் (இன்ஜின் முன்பக்கக் கியர்களின் உறை) ஒரு சின்ன டவல் பின் (உறையைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரும்புக் குச்சி) உண்டு. அதிர்வில் நழுவி கியருக்குள் விழுந்தால் கேஸே உடையும். முன் மூடியைக் கழற்றி, பின்னை மறித்து ஒரு தகடு வைத்து போல்ட்டில் முடுக்கிவிடுங்கள். இன்ஜின் வெளியே கிடக்கும்போதே செய்துவிட்டால் லேசான வேலை.

கலிபோர்னியாவில் விடுவார்களா?

1975 வரையிலான பெட்ரோல் வண்டிக்கு அங்கே ஸ்மாக் (புகை) சோதனை இல்லை. அதற்குப் பிந்தைய வண்டி என்றால், முதலில் இன்ஜின் மாற்றிய வண்டிகளைப் பரிசோதிக்கும் ரெஃபரி நிலையத்தில் விசாரித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

சத்தம் எப்படி அண்ணா?

அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத நாலு சிலிண்டர். ஐடிலில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரியும். கோயிலுக்கு என் மனைவி தனி காரில்தான் வருகிறார்.