தொட்டி நீர்ப் பதிவேடு: 1 ஆண்டா, 3 ஆண்டா?

டால்பின் தொட்டிப் பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஓரிடத்தில் 1 என்றும் இன்னோரிடத்தில் 3 என்றும் இருக்கிறதே என்று உங்கள் புராஜெக்டுக்காகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்த இரண்டு கணக்கும் சரிதான். டால்பின் தொட்டியின் நீர்ப் பரிசோதனைப் பதிவுக்கு 1 ஆண்டு; இறந்த விலங்கின் பிரேதப் பரிசோதனைப் பதிவுக்கு 3 ஆண்டு. அமெரிக்க விலங்கு நல விதிகளில் இவை தனித்தனிப் பிரிவுகள், 3.106, 3.110. உங்கள் புராஜெக்டில் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டதால் குழம்பியிருக்கும்.

உங்கள் மாதிரிப் பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் இருக்கிறதா பாருங்கள். கோலிஃபார்ம் (நீரில் அசுத்தம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை வாரம் ஒருமுறை, பிஹெச்சும் (அமில-காரத் தன்மை) குளோரினும் தினமும். மாதிரி எடுத்த நேரத்தையும் எழுத வேண்டும். சேலத்தில் ஒரு தண்ணீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, மாதம் முழுக்க 'காலை 8.00' என்று ஒரே மூச்சில் எழுதிய நோட்டைப் பார்த்திருக்கிறேன். மை கூட மாறவில்லை! அப்புறம், கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 1000-ஐத் தாண்டினால் 48 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு மாதிரி எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதற்கும் இடம் விடுங்கள்.

ஒன்று, இதைச் சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். இந்தியாவில் டால்பினேரியத்துக்கு (டால்பின் காட்சிசாலைக்கு) 2013-லேயே தடை. நம் பூங்காக்களுக்கு 2009-ஆம் ஆண்டு உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளைப் பாருங்கள்.