பர்மாவில் போனது, அமெரிக்காவில் வந்தது: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் ஐயா 1942-ல் பர்மாவில் கடையையும் வயலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர். அதே இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மட்டும் கொழித்தது எப்படி? – தேவகோட்டை வாசகர்

சண்டை அவர்கள் ஊரில் நடக்கவில்லை, முதல் காரணம் அதுதான். ஹவாயில் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய இரண்டே வாரத்தில், 1941 டிசம்பர் 23-ல், ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். மறுவருஷம் மார்ச்சில் ஊரே அவன் கையில். கீழ்ப் பர்மா நெல் வயலில் ஏறக்குறைய கால்வாசி அப்போது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பெயரில் இருந்தது. அமெரிக்காவிலோ 1940-ல் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலை இல்லாமல் இருந்த நிலை மாறி, 1944-ல் அது ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. டாங்கியும் விமானமும் கேட்டு அரசாங்கமே ஆர்டர் கொடுத்தால் எந்த ஆலைதான் சும்மா இருக்கும்?

ஆனால் நாட்டையே மாற்றியது அந்தப் பணம் இல்லை என்பேன். படையில் இருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தால் வேலைக்கு எங்கே போவது என்ற பயம் இருந்தது பாருங்கள், அதுதான் மாற்றியது. முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்கள் தங்களுக்கு வரவேண்டிய போனஸைக் கேட்டு 1932-ல் வாஷிங்டனில் கூடாரம் அடித்தபோது ராணுவத்தை ஏவியே விரட்டினார்கள். அந்த அசிங்கம் மறுபடி வேண்டாம் என்று 1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், ஜி.ஐ. பில் என்பார்கள் (ஜி.ஐ. என்றால் அங்கே சிப்பாய்). படிக்க வருஷத்துக்கு 500 டாலர் வரை கட்டணம், கைச்செலவுக்கு மாதாமாதம் பணம், வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன், வேலை கிடைக்காவிட்டால் வாரம் 20 டாலர். பல்கலைக்கழகப் பெரியவர்கள் சிலர் தரம் கெட்டுவிடும் என்று முனகினார்கள். வந்தவர்களோ மற்ற மாணவர்களைவிட நன்றாகவே படித்தார்கள். 1947-ல் கல்லூரியில் இருந்தவர்களில் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அதே 1947-ல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தன் கைக்காசைப் போட்டுக் கல்லூரி தொடங்கினார். அங்கே அரசாங்கம் செய்ததை இங்கே ஒரு தனி மனிதர் செய்ய வேண்டியிருந்தது.

கருப்பின வீரர்களுக்கும் இதெல்லாம் கிடைத்ததா? – புதுவயல் வாசகர்

சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் கடன் தருவது உள்ளூர் பேங்க்காரர். மிசிசிப்பி மாநிலத்தில் 1947-ல் கொடுத்த 3,229 கடன்களில் கருப்பின வீரர்களுக்குப் போனது இரண்டு. நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் என்று 17,000 வீடுகளுக்கு மேல் வரிசையாகக் கட்டினார்களே, அங்கே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. வீடுதான் பிள்ளைகளுக்குப் போகும் சொத்து என்பதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே இன்றும் இருக்கும் சொத்து இடைவெளிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

போர்க்காலத்தில் ஆலைக்குப் போன பெண்கள் அப்புறம் அடுப்படிக்கே திரும்பிவிட்டார்களா? – காரைக்குடி வாசகி

திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஆண்கள் வந்ததும் ஆலைகளில் முதலில் சீட்டுக் கிழிந்தது பெண்களுக்குத்தான், அரசுப் பணத்தில் நடந்த குழந்தைக் காப்பகங்களையும் 1946-ல் மூடினார்கள். அதே வருஷம்தான் பிள்ளைப்பேறு எகிறத் தொடங்கி 1964 வரைக்கும் ஏழரைக் கோடிக்கு மேல் பிறந்தன. ஆனாலும் வெளியே போய்ச் சம்பாதித்துப் பழகியவர்களை முழுசாக உள்ளே தள்ள முடியவில்லை. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆபீஸுக்கும் கடைக்கும் போனார்கள், ஐம்பதுகளில் வேலைக்குப் போகும் கல்யாணமான பெண்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. (செட்டியார்கள் மூன்று வருஷம் ரங்கூனில் இருந்தபோது இங்கே கொடுக்கல் வாங்கல் எல்லாம் பார்த்த ஆச்சிமாருக்கு, அதாவது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, அமெரிக்க ஆலைப் பெண்களுக்கு அடித்தது போல யாரும் போஸ்டர் அடிக்கவில்லை, சம்பளமும் இல்லை.)

நியூஜெர்சியில் என் மகனுக்கு வேலை போனது, கூடவே மருத்துவ இன்சூரன்ஸும் போனது. இது என்ன முறை? – பள்ளத்தூர் வாசகர்

இதுவும் அந்தப் போர் விட்டுப்போனதுதான். விலைவாசி ஏறாமல் இருக்க 1942-ல் சம்பளத்தை உயர்த்த அரசு தடை போட்டது. ஆலைக்கோ ஆள் பஞ்சம். சம்பளம் கூட்ட முடியாத முதலாளிகள் மருத்துவச் செலவை ஏற்கிறோம் என்று ஆள் பிடித்தார்கள், அதற்கு வரியும் இல்லை என்றானதும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தடை போய் எண்பது வருஷம் ஆகப்போகிறது, பழக்கம் போகவில்லை.

நம்மவர்கள் பர்மாவுக்குப் பதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருக்கலாமே? – கானாடுகாத்தான் வாசகர்

எங்கே விட்டார்கள்! இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1923-லேயே சொல்லிவிட்டது. போரில் இந்தியா கூட நின்றதால் மனம் இறங்கி, 1946-ல் சட்டம் மாற்றி வருஷத்துக்கு 100 பேர் வரலாம் என்றார்கள். மொத்த இந்தியாவுக்கும் 100! 1965-ல் கதவைத் திறந்தபோதும், அங்கே சொந்தக்காரர் இல்லாதவரை டாக்டரா, இன்ஜினியரா என்றுதான் பார்த்தார்கள். பெட்டியடியில் (கடையில் பணப்பெட்டி முன்னால்) எத்தனை வருஷம் உட்கார்ந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.