அண்ணன் மன்னிக்காமல் யோம் கிப்பூர் நோன்பு இருக்கலாமா?

வணக்கம். கடையைப் பிரித்தபோது அண்ணனைக் கடுமையாகப் பேசியதற்கு இந்த எலுல் மாதத்தில் (யூத நாட்காட்டியில் யோம் கிப்பூருக்கு முந்தைய மாதம்) வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டீர்கள், பதிலே இல்லை, இனி யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் நோன்பு எதற்கு என்கிறீர்கள்.

நோன்பை விடாதீர்கள். ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். சக மனிதருக்கு இழைத்த தவறு, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளால் தீராது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு வழி வகுத்திருக்கிறார்: மன்னிக்க மறுப்பவருடைய நண்பர்கள் மூவரை அழைத்துப் போய்க் கேட்க வேண்டும். இணங்காவிட்டால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடலாம். அப்போது மறுப்பவர்தான் பாவி. (குருவிடம் மட்டும் இந்தச் சலுகை கிடையாது, ஆயிரம் முறையானாலும் போக வேண்டும்!)

வாட்ஸ்அப் செய்தியை நான் ஒரு முறையாகக்கூட எண்ணமாட்டேன். அண்ணன் மதிக்கிற ஆட்களோடு நேரில் போங்கள். ‘ஏதாவது தப்பாப் பேசியிருந்தா’ என்று மழுப்ப வேண்டாம், பேசியதையே சொல்லிக் கேளுங்கள். கணக்கில் பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். ஆனால் பணம் கொடுத்தாலும் மன்னிப்பைத் தனியாகக் கேட்டாக வேண்டும். பண்டிகை தாண்டிவிட்டாலும் போகலாம்.