பழைய மாருதிக்கு வீட்டிலேயே இன்ஜின் மவுண்ட் மாற்றலாமா? கேள்வி பதில்

என் 1997 மாருதி 800-க்கு வீட்டு வாசலிலேயே இன்ஜின் மவுண்ட் மாற்றினேன் என்று சொன்னது தப்பாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்வி மழை. (இன்ஜின் மவுண்ட் என்பது இன்ஜினை வண்டியின் பாடியோடு பிடித்து, அதன் ஆட்டத்தை விழுங்கும் ரப்பர் வைத்த தாங்கி.) நான் மெக்கானிக் இல்லை, ஓய்வுபெற்ற ஃபிட்டர். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். விலை விசாரணை மட்டும் வேண்டாம், ஊருக்கு ஊர் மாறுகிறது.

சிக்னலில் நின்றால் கண்ணாடி, சீட், டேஷ்போர்டு எல்லாம் நடுங்குகிறது. 1998 மாருதி 800. மவுண்ட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எப்படி உறுதி செய்வது?

மவுண்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். 800-இல் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின். அது மொத்தமாக மேலும் கீழும் குதிக்காது. ஆனால் அதன் இரண்டு முனைகளும் தராசுத் தட்டு மாதிரி மாறி மாறி ஏறி இறங்கும். அது பிறவிக் குணம், கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடினால் நொடிக்கு 22 தடவைக்கு மேல் சிலிண்டர் வெடிக்கும். மூன்றில் ஒன்று மிஸ்ஸிங் ஆனால், அதாவது வெடிக்காமல் விட்டால், ஆட்டம் மெதுவாகவும் முரட்டுத்தனமாகவும் மாறிவிடும், அதை எந்தப் புது ரப்பரும் விழுங்காது. அதனால் முதலில் பிளக், பிளக் வயர், ஐடில் சுற்று (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்), காற்று வடிகட்டி பாருங்கள். சைலன்சர் பைப் பாடியில் எங்காவது இடிக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் இந்தச் சோதனை. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்தியபடி, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு, இன்ஜின் இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தட்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் ஒரு கியரில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் சாயும். அரை அங்குலச் சாய்வு சாதாரணம். ஒரு அங்குலத்துக்கு மேல் எழும்பி "டக்" என்று விழுந்தால், அல்லது ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

80-க்கு மேல் போனால் ஸ்டீயரிங் உதறுகிறது. மவுண்டா?

இல்லை. வீல் பேலன்சிங்.

மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள் அண்ணே.

சொல்கிறேன் தம்பி, ஆனால் சுருக்கிச் சொல்ல முடியாது.

முந்தின நாள் இரவே போல்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். இருபத்தைந்து வருடத் துரு ஐந்து நிமிடத்தில் இளகாது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

இப்போது இரண்டாவது ஜாக்கியை இன்ஜினுக்கு அடியில் வைக்க வேண்டும். இங்கேதான் நான் ஒருமுறை பாடம் படித்தேன். ஆயில் சேம்பருக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் ஜாக்கியை நேராக வைத்துத் தூக்கினேன். சேம்பர் மெல்லிய தகடு. உள்ளே குழிந்து, ஆயில் உறிஞ்சும் குழாயை முட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு மவுண்ட் மாற்றப் போய், சேம்பரையே கழற்றி மாற்றி, கேஸ்கெட்டும் வாங்கினேன். அகலமான பலகை வைத்து, சேம்பரின் ஓர விளிம்புக்குப் பாரம் போகிற மாதிரி கொடுங்கள். இன்னும் நல்லது, கியர்பாக்ஸ் உடம்பில் பலகையோடு தாங்குவது.

தூக்குவது என்றால் தூக்குவது இல்லை. மவுண்ட் மேலிருக்கும் பாரம் போகிற அளவுக்கு மட்டும். அதற்கு மேல் போனால் ரேடியேட்டர் ஹோஸ், ஆக்சிலரேட்டர் கேபிள், சைலன்சர் பைப் இணைப்பு எல்லாம் இழுபடும். போல்டு கையால் சுற்ற வருகிறதென்றால் சரியான உயரத்தில் இருக்கிறீர்கள்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மவுண்ட். எல்லாவற்றையும் கழற்றினால் இன்ஜின் தன் இஷ்டத்துக்குப் போய்விடும், போல்டு ஓட்டைகளைத் திரும்ப நேராக்குவதற்குள் பொழுது சாயும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அம்புக்குறியோ மேல் கீழ் அடையாளமோ இருந்தால் அப்படியே வையுங்கள். ரப்பரில் கிரீஸ் தடவாதீர்கள்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி. புது போல்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு ஜாக்கியை இறக்குங்கள். இன்ஜின் தன் முழுப் பாரத்தோடு உட்காரட்டும். கையால் நாலு தடவை ஆட்டிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். புது மவுண்ட் போட்டும் நடுங்குகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் செய்தது இதுதான். எவ்வளவு முறுக்குவது என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், 14 ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்து உங்கள் பலத்தைக் காட்டாதீர்கள்.

ஸ்டாண்ட் இல்லை. வண்டியோடு வந்த ஜாக்கியும் இரண்டு ஹாலோ பிளாக்கும் இருக்கிறது. போதுமா?

போதாது. அந்த ஜாக்கி டயர் மாற்றத்தான். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும், அதற்கடியில் இருப்பது உங்கள் தலை. ஸ்டாண்ட் வாங்குங்கள். வாங்கிய பிறகும் ஸ்டெப்னியைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், காப்பு மேல் காப்பு.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர் கணக்கு கிடையாது. ரப்பரைக் கொல்வது வயது, சூடு, ஆயில். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து ஆயில் கசிந்து மவுண்டில் சொட்டினால் ரப்பர் ஊறி, உப்பி, குழைந்துவிடும். கசிவை நிறுத்தாமல் மவுண்ட் மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது.

அம்பாசடருக்கும் இதே முறையா?

கொள்கை ஒன்று, அமைப்பு வேறு. அங்கே இன்ஜின் நீளவாட்டில் இருக்கிறது, பின்சக்கரம் இழுக்கிறது. வேகம் கொடுக்கும்போது இன்ஜின் வண்டியின் இடப்பக்கம் எழும்பப் பார்க்கும், அதனால் இடப்பக்க மவுண்டை முதலில் பாருங்கள். இன்னொன்று: ஃபேன் இன்ஜினோடு சேர்ந்தது, ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்தது. மவுண்ட் அறுந்த நிலையில் சடன் பிரேக் அடித்தால் இன்ஜின் முன்னால் நகர்ந்து ஃபேன் இறக்கை ரேடியேட்டரைச் சுரண்டும். பத்மினி காருக்கும் இதே கதை.

நான் சேலம். பழைய மவுண்டிலேயே கார் கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசையை ஊற்றி நிரப்பினேன். ஆறு மாதமாகப் பாறை மாதிரி நிற்கிறது. புதிதாக வாங்குவது வீண் செலவு இல்லையா?

"பாறை மாதிரி" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் பசை ஊற்றிய இடம், மவுண்டின் ரப்பருக்கு நடுவே இருக்கும் வெற்றிடம், தெரிந்தேதான் விடப்பட்டிருக்கிறது. ஐடிலில் சின்ன ஆட்டத்துக்கு ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், பெரிய ஆட்டம் வந்தால் வெற்றிடம் மூடி முட்டிக்கொள்ள வேண்டும். அதை நிரப்பிவிட்டால் முதல் வேலை போயிற்று.

ஏசி போட்டால் மட்டும் நடுக்கம்.

கம்ப்ரசர் பாரத்தில் சுற்று இறங்குகிறது. ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றிவிடும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டர் வரை உழைக்கும் சார்?

மேலே பாருங்கள்.

சேலம் மறுபடியும். பந்தய வண்டிகளில் கெட்டியான மவுண்ட்தானே போடுகிறார்கள்? அவர்கள் முட்டாள்களா?

இல்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவர் அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்வார். நீங்கள் குடும்பத்தோடு ஏற்காடு ஏறுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் நான். சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இன்ஜினை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு நேராக முடுக்கித்தான் ஓட்டினோம். ஓடவில்லையா?

ஓடியது ஐயா. கூடவே ஓட்டுநரின் முதுகெலும்பும் ஓடியது. உங்கள் அனுபவத்துக்கு மரியாதை, ஆனால் இந்த வழக்குக்குத் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. கிரைஸ்லர் நிறுவனம் 1931-இல் நான்கு சிலிண்டர் பிளிமத் காரில் இன்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டது. அதன் கனமையத்தை ஒட்டிய அச்சில் ஆட விட்டு, ஆட்டம் பாடிக்கு ஏறாமல் தடுத்தார்கள். "மிதக்கும் சக்தி" என்ற பொருளில் பெயர் வைத்து விற்றார்கள். அடுத்த வருடமே பிரான்சில் சிட்ரோயன் அதை உரிமம் வாங்கித் தன் கார்களில் போட்டு, நீந்தும் அன்னத்தைச் சின்னமாக வைத்தது. இன்ஜினை ஆடவிடு, வண்டியை ஆடவிடாதே. 90 வருடத்துக்கு முன்னால் முடிந்த வாதம்.

சேலத்துக்கு ஒரு சலுகை தருகிறேன். சில வண்டிகளில் பாரம் தாங்காமல், இன்ஜின் உருளாமல் மட்டும் பிடிக்கிற ஒரு மவுண்ட் கீழே இருக்கும். அதை நிரப்பினால் பெரிய பாதகம் இல்லை, அவசரத்துக்கு ஓட்டலாம். பாரம் தாங்கும் மவுண்டில் வேண்டாம். ஆயில் ஊறிய ரப்பரில் எந்தப் பசையும் நிலையாகப் பிடிக்காது என்பதையும் ஆறு மாதத்தோடு முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஹோண்டா சிட்டி, மவுண்டிலிருந்து கறுப்பாக ஏதோ வழிகிறது.

அது உள்ளே திரவம் வைத்த மவுண்ட். திரவம் வெளியே வந்துவிட்டால் வெறும் ரப்பர் பை. மாற்றுங்கள். அதற்கும் பசை ஊற்றலாமா என்று சேலம் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கூடாது.

எவ்வளவு கிலோமீட்டர்...

அடுத்தவர்.

ஸ்டாண்டுக்குப் பதில் மரக்கட்டை அடுக்கினால்?

ஸ்டாண்ட். ஸ்டாண்ட். ஸ்டாண்ட்.

நேற்றுத்தான் மாற்றினேன். ஸ்டாண்ட் வைத்தேன், பலகை வைத்தேன். ஆனால் முன்னைவிட நடுக்கம் அதிகம்!

எல்லா போல்டையும் ஜாக்கி மேலே இருக்கும்போதே முறுக்கினீர்கள், இல்லையா? ஜாக்கியைப் பலகையோடு அடியில் தொடுகிற மாதிரி மட்டும் வையுங்கள். போல்டுகளை இரண்டு சுற்று தளர்த்துங்கள், கழற்றாதீர்கள். இன்ஜினை முன்னும் பின்னும் ஆட்டி உட்காரவிட்டு மறுபடி முறுக்குங்கள். நாளைக்கு வந்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

சொன்னபடி செய்தேன் சார். அடங்கிவிட்டது. இப்போது டேஷ்போர்டில் மட்டும் ஒரு சின்னக் கிலுகிலுப்பு.

கிளவ் பாக்ஸைத் திறந்து, உள்ளே கிடக்கும் சில்லறையை எடுங்கள்.