ஆலோசகர் வேலைக்கு வரலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

ஊன்றுகோலோடு நடக்கிற நீங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை, அரசு தருகிற உதவிக் கொடுப்பனவு பற்றி வழிகாட்டும் வேலைக்கு வரலாமா, தமிழ் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்கோ. ஆனால் கொழும்பில் தமிழ் மட்டும் காணாது தங்கச்சி. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரோடு ஒருவருக்காகப் பேச வேண்டி வரும், அங்கே சிங்களம் கைகொடுக்கும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை முதலில் படியுங்கள். வலுவிழப்பைக் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு செய்யக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 3 வீத ஒதுக்கீடு 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் வந்தது. தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது, அதனால் அங்கே முதலாளியோடு பேசித்தான் வழி திறக்க வேண்டும்.

வருகிற ஆட்களின் பெரிய பயமே, வேலை கிடைத்தால் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்பதுதான். கொடுப்பனவு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது என்பதால் அந்தப் பயம் நியாயமானது. வாயால் உறுதி கொடுக்காதீர்கள். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், ஒருவரை அனுப்ப முன்னம் வேலையிடத்தை நேரில் பாருங்கள். வாசலில் சாய்தளம் அழகாக இருக்கும், மலசலகூடக் கதவால் சக்கர நாற்காலி நுழையாது. உங்கள் கண்ணுக்கு இது சட்டென்று படும்.

படிப்புக்குச் சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் விசாரியுங்கள், சமூகப்பணிப் பட்டப்படிப்பு இருக்கிறது.