பாண்டிப் பதிவுள்ள பழைய ரேஞ்ச் ரோவர் மலிவாக வருகிறது. கடலூரில் வைத்து ஓட்ட வாங்கலாமா?

மலிவு வண்டியில்தான், உதிரி பாகத்தில் இல்லை. முதல் சந்தேகம் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளில் வண்டியைத் தாங்கும் அமைப்பு) மேல் இருக்கட்டும். ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் நான்கு சக்கரங்களின் மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். அதை ஈடுகட்ட ஓடி ஓடியே காற்றடைக்கும் கம்ப்ரசரும் போய்விடும்.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத் துருவைப் பாருங்கள், உப்புக்காற்று சும்மா விடாது. 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் நின்ற வண்டியா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக்கறை காட்டிக்கொடுக்கும்.

கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பாண்டி ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கித் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். சாலை வரி தனி. அதையும் கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். ஈசிஆரில் ஓட்டத்தான் என்றால், ஃபார்ச்சூனரே போதும் என்பேன்.